மூளையில் சிப்பு வைக்கும் படிப்பு: மார்த்தாண்டத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள் மூளைச் சிப்பு துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். படைப்பில் கை வைக்கலாமா, வேலை கிடைக்குமா என்ற உங்கள் இரண்டு கேள்விகளும் நியாயமானவை.

முதல் கேள்வியில் உலகமே வாதாடிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில், மூளைச் சிப்பு செய்யும் நியூராலிங்க் நிறுவனம், தோளுக்குக் கீழே செயலிழந்த அமெரிக்க இளைஞர் ஒருவருக்குச் சிப்பைப் பொருத்தியது. அவர் நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடினார். அதற்கு முன், 2018-ல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்கச் செய்தார், சிறைக்குப் போனார். இழந்ததைத் திருப்பித் தருவது வேறு, நன்றாக இருக்கும் உடம்பின் திறனை இன்னும் கூட்டுவது வேறு. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது கிடைத்தால் மற்றவர்கள் கதி என்ன? எனக்கும் அந்தக் கவலை உண்டு.

ஆனால் வேலை இருப்பது இழந்ததைத் திருப்பித் தரும் பக்கத்தில்தான். காது கேளாதவர்களுக்கு உள்காதில் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் இம்பிளாண்டையே பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தைக்குக் காது கேட்டுவிடாது. சில வாரம் கழித்துக் கருவியை இயக்கி, ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் போதும் என்று ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்டல் நிபுணர், குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார். அப்புறம் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. நரம்பும் மின்கருவியும் பேசிக்கொள்ளும் இடம் இதுதான். உங்கள் மகள் தேடுவதும் இதைத்தான்.

இதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற, கேட்டல், பேச்சுக் குறைகளுக்கான நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் என்ற பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படிக்கலாம். வெளிமாநிலத்தவருக்கு இடம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. கணக்குப் பாடம் பிடிக்கும் என்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, இதய வால்வு செய்து பெயர் வாங்கிய, திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் மேற்படிப்புக்கு முயலலாம்.

பக்கத்து வீட்டார் சொன்னதாக நீங்கள் எழுதிய ஞாபகசக்தி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். இப்படிப் புழங்கும் மெத்தில்பெனிடேட், கவனக்குறைவுக் கோளாறுக்கு மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இருப்பது. பரீட்சைக்கு அவளுக்குத் தேவை ராத்திரித் தூக்கம்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு நாள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போய், அங்கே வேலை பார்ப்பவர்களிடம் அவளையே பேச விடுங்கள்.