பகுதிக்குள் தேடினால் ஆவணம் முழுக்கத் தலைப்புகள் வருகின்றன

வணக்கம். எக்ஸ்எம்எல் ஆவணத்தை மாற்றியமைக்கும் எக்ஸ்எஸ்எல்டி நிரலில், ஃபார்-ஈச்சுக்குள் (ஒவ்வொரு உறுப்பாகச் சுற்றிவரும் கட்டளை) ஒவ்வொரு ‘பகுதி’யின் முதல் தலைப்பு மட்டும் வேண்டும் என்று காப்பி-ஆஃபில் (உறுப்பை அப்படியே நகலெடுக்கும் கட்டளை) //தலைப்பு[1] கொடுத்திருக்கிறீர்கள், எல்லாப் பகுதிகளின் தலைப்புகளும் கொட்டுகின்றன. தொடக்கத்தில் வரும் // எப்போதும் ஆவணத்தின் வேரிலிருந்தே தேடும். நீங்கள் எந்தப் பகுதிக்குள் நிற்கிறீர்கள் என்று பார்க்காது. முன்னால் ஒரு புள்ளி வையுங்கள்: .//தலைப்பு[1]

அதோடு சரியாகிவிடாது. இந்த [1] ஒவ்வொரு தாய் உறுப்பிலும் முதலாவதைத்தான் எடுக்கும், அதனால் உட்பகுதிகளின் தலைப்புகளும் கூடவே வரும். உறுப்புகளைத் தேட இப்படி எழுதும் எக்ஸ்பாத் மொழியில் பலரையும் சுற்றவிடும் இடம் இதுதான். அடைப்புக்குறி அவசியம்: (.//தலைப்பு)[1]

தலைப்பு எப்போதும் பகுதியின் நேரடிப் பிள்ளைதான் என்றால் இவ்வளவும் வேண்டாம். வெறும் தலைப்பு[1] போதும். நான் அதையே எழுதுவேன். ஆழமாகத் தேடும் வேலையும் மிச்சம்.