சேம்பர்லின் வாங்கிய ஓராண்டு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில், செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதியைப் பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்தை ‘வெட்கக்கேடு’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அந்த ஒப்பந்தம் பிரிட்டனுக்கு ஓராண்டு அவகாசம் தந்தது, அது இல்லாவிட்டால் ஸ்பிட்ஃபயர் விமானங்களும் ராடார் நிலையங்களும் போதிய அளவில் இருந்திருக்காது, 1940ல் பிரிட்டன் விழுந்திருக்கும் என்று வாசித்திருக்கிறேன். எல்லாம் முடிந்தபிறகு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினைக் கோழை என்பது எளிதல்லவா? இன்னொன்று, செக் மக்கள் தாங்களே ஏன் சண்டைபோடவில்லை?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கோழை என்று நான் எழுதவில்லை. 69 வயதில், இரண்டே வாரத்தில் மூன்று முறை விமானமேறி ஹிட்லரைப் பார்க்கப் போனவர் அவர். லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள், வீடுவீடாக விஷவாயு முகமூடி கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. மியூனிக்கிலிருந்து அவர் திரும்பியபோது ஜனங்கள் தெருவில் நின்று ஆரவாரம் செய்ததில் எனக்கு வியப்பே இல்லை.

சரி, அவகாசம். ஸ்பிட்ஃபயர் படைக்கு வந்துசேர ஆரம்பித்ததே 1938 ஆகஸ்டில்தான். ராடார் நிலையங்களும் அப்போது ஒருசில மட்டுமே. அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வாதம் பிரிட்டனின் வரவை மட்டும் எழுதிவைத்த கணக்கு. அதே ஓராண்டில் ஹிட்லர் சம்பாதித்ததை யார் எழுதுவது?

சூடெட்டன் மலைப்பகுதியோடு செக் நாட்டின் எல்லைக் கோட்டைகளில் பெரும்பாலானவை ஜெர்மனியிடம் போயின. அந்தக் கோட்டைகளை உடைக்கத் தேவையான பலம் அன்று தங்களிடம் இல்லை என்று ஜெர்மானியத் தளபதி கைட்டல் போருக்குப் பிந்தைய நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் சொன்னார். காவல் இல்லாமல் நின்ற மிச்ச நாட்டை ஹிட்லர் ஐந்தரை மாதத்தில், 1939 மார்ச் 15 அன்று, சண்டையே இல்லாமல் எடுத்துக்கொண்டார். பில்சன் நகரத்து ஸ்கோடா ஆயுத ஆலையும் சேர்ந்தே போனது. 1940 மே மாதம் பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மானியத் தளபதி ரோமலின் படைப்பிரிவில் கணிசமான டாங்கிகள் செக் நாட்டில் செய்தவை.

இதைவிட முக்கியமான விஷயம், சேம்பர்லின் தான் அவகாசம் வாங்குவதாக நினைக்கவே இல்லை. அமைதியையே வாங்கிவிட்டதாக நம்பினார். வீட்டு வாசலில் கூடியவர்களிடம் அப்படித்தான் சொன்னார். போருக்கு ஓராண்டுதான் இருக்கிறது என்று நினைப்பவர் என்ன செய்வார்? ஆயுத உற்பத்திக்குத் தனி அமைச்சகம் வேண்டும் என்று சர்ச்சில் 1938 நவம்பரில் நாடாளுமன்றத்தில் மன்றாடினார். சேம்பர்லின் மறுத்தார். அந்த அமைச்சகம், கட்டாய ராணுவச் சேவை இரண்டுமே செக் தலைநகர் பிராக் விழுந்தபிறகு, 1939 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டன. தற்செயலாகக் கிடைத்ததைத் தந்திரம் என்று பின்னாளில் பெயர்சூட்டினோம்.

வெட்கக்கேடு என்று நான் சொன்னது வேறொன்றை. தங்கள் நாட்டைப் பங்குபோடும் பேச்சுவார்த்தைக்குச் செக் அரசை அழைக்கவில்லை. அவர்களுடைய பிரதிநிதிகள் மாஸ்ட்னி, மசாரிக் இருவரும் மியூனிக்கில் ஒரு விடுதியில் காத்துக்கிடந்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கூப்பிட்டு, முடிவான காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கவில்லை என்றது பிரெஞ்சுத் தரப்பு. மாஸ்ட்னி அழுதுவிட்டார். சேம்பர்லின் ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததாக மசாரிக் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். (இந்த மசாரிக் அந்நாட்டு வெளியுறவு அதிகாரி, நாட்டை நிறுவிய மசாரிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. செக் மக்கள் சண்டைக்குத் தயாராகவே இருந்தார்கள். செப்டம்பர் 23 அன்று படைதிரட்டும் ஆணை வந்ததும் லட்சக்கணக்கானவர்கள் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் காப்பாற்றுவதாக ஒப்பந்தம் போட்டிருந்த பிரான்ஸ் கைவிரித்துவிட்டது. சோவியத் ஒப்பந்தமோ பிரான்ஸ் உதவிக்கு வந்தால்தான் செல்லும் என்று எழுதப்பட்டிருந்தது. போலந்தும் தன் எல்லையை ஒட்டிய செக் நாட்டு டெஷன் பகுதிக்காகக் காத்திருந்தது, ஒப்பந்தம் கையெழுத்தானதுமே வாங்கியும் கொண்டது. தனியாகப் போரிட்டால் நாடு அழிந்துவிடும், போருக்குக் காரணமும் நாம்தான் என்பார்கள் என்று அதிபர் பெனெஷ் கணக்குப் போட்டார். தளபதிகள் போரிடலாம் என்று அவரிடம் போய் முறையிட்டும் மனம் மாறவில்லை. அக்டோபர் 5 அன்று பதவி விலகி, அந்த மாதமே லண்டனுக்குப் போனார். அவர் செய்தது சரியா என்று செக் நாட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், பெனெஷைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.