இஎஸ்ஐ, பிஎஃப் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் முழுச் சம்பளமும் கைக்கு வருமாம், ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், ஒத்துக்கொள்ளாதீர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, மாதம் 14,000 ரூபாய், கல்யாணமாகி ஒரு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருந்த நிலையில்தான் நீங்களும் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. முழு 14,000-க்கும் கணக்குப் போட்டால் உங்களிடம் பிடிப்பது பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம், 1,680 ரூபாய். இஎஸ்ஐ, அதாவது வைத்தியத்துக்கும் பிரசவத்துக்கும் உதவும் தொழிலாளர் காப்பீடு, 0.75 சதவீதம், 105 ரூபாய். மொத்தம் 1,785. கம்பெனி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது பிஎஃப்புக்கு 1,680, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 455, ஆக 2,135 ரூபாய். முழுச் சம்பளம் என்று அவர்கள் கூடுதலாகத் தருவது உங்களுடைய 1,785-ஐத்தான். அந்த 2,135 பற்றி யாரும் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

நான் திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறேன். பெரியவன் வயிற்றில் இருந்தபோது பீஸ் ரேட்டில் இருந்தேன், அந்த யூனிட்டில் இஎஸ்ஐ கிடையாது. ஏழாம் மாதம் வேலையை விட்டு நின்றேன். அன்றோடு வருமானமும் நின்றது. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் கம்மலும் அம்மாவின் செயினும் அடகுக்குப் போயின. மூன்று மாதம்கூட முடியவில்லை, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். பால் கட்டிக்கொண்டு, நெஞ்சு கனத்துப்போய், மணியைப் பார்த்தபடி தைத்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

சின்னவள் பிறந்தபோது வேறு கம்பெனி, இஎஸ்ஐ இருந்தது. இஎஸ்ஐயில் பிரசவ விடுப்புக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை, முழுக் கூலி கணக்கில் பணம் வங்கிக்கே வந்துவிடும். 2017-க்கு முன்னால் இது 12 வாரம்தான். ஆனால் பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில், அதாவது இரண்டு அரையாண்டுகளில், 70 நாளாவது உங்கள் பேரில் சந்தா கட்டியிருக்க வேண்டும். உண்டான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காமல் போகலாம். என் மகளைப் பக்கத்திலேயே வைத்து, யாரிடமும் கைநீட்டாமல் வளர்த்தேன். அதில் எனக்குப் பெருமைதான்.

இஎஸ்ஐ மருந்தகத்தில் கூட்டம், அலைய விடுவார்கள் என்று சிலர் வந்து சொல்வார்கள். தெரியும், நானும் அங்கே அரை நாள் காத்திருந்தவள்தான். இரண்டாவது பிரசவத்துக்கு அடகுக் கடைப் படி ஏறவில்லை, எனக்கு அது போதும். முதலாளிகளைத் திட்டுவதாகவும் நினைக்க வேண்டாம், ஒழுங்காகக் கட்டும் முதலாளியிடம்தான் இப்போதும் வேலை பார்க்கிறேன்.

அப்புறம், கையில் கூடுதலாக வரும் காசு நிற்கும் என்றும் நம்பாதீர்கள். நாங்கள் இருப்பது லைன் வீடு. அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம் என்கிறது. ஓனரோ சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார். கேட்டால் காலி செய் என்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். கம்பெனியில் 10 பேர் வேலையில் இருந்தால் இஎஸ்ஐ, 20 பேர் இருந்தால் பிஎஃப் கட்டாயம். இஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு 21,000, பிஎஃப்புக்கு 15,000. உங்கள் 14,000 இரண்டுக்கும் உள்ளேதான் வருகிறது, எழுதிக் கொடுத்து விலக முடியாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சேர்ந்ததும் இஎஸ்ஐ எண்ணையும் பிஎஃப்பின் யுஏஎன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிற இடங்களும் இருக்கின்றன, அதனால் பிஎஃப் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை ஃபோனில் பாருங்கள்.