கணக்கு பார்க்காத முப்பது ஆண்டு

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றின் ஆட்சியை மற்றொன்று ஆய்வு செய்து அறிக்கை எழுதுகின்றனவாம். அப்படிச் செய்தால் அண்டை நாடுகளுக்குள் நிரந்தர அமைதி வருமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

பதில்: கொழிஞ்சாம்பாறைக்காரர் நிரந்தரத்தை நம்பலாமா? நிரந்தரம் என்று நினைத்து எழுதியதுதான் முல்லைப் பெரியாறு குத்தகை. 1886-இல் 999 ஆண்டுக்குப் போட்டார்கள். ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை 30 ரூபாய் ஆனதே 1970 மே 29 அன்றுதான். அதே நாளில் கையெழுத்தானது உங்கள் வயலுக்கான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம், தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்வதற்காக. அதை எழுதியவர்கள் நிரந்தரத்தை நம்பவில்லை. 1958 நவம்பர் 9 முதல் கணக்கு வைத்து, 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று போட்டார்கள். நல்ல யோசனை. 1988 வந்தது, பேசினார்கள். 2018 வந்தது, அடுத்த ஆண்டு இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைக்க முடிவு செய்தார்கள். ஒப்பந்தம் 1970-இல் எழுதியபடியே கிடக்கிறது.

இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதும் விஷயம்தான், மறுபடியும் எழுதுகிறேன். எல்லையோர மணக்கடவு தடுப்பணையில் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு விட வேண்டும். கணக்கு ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. மொத்தம் சரியாக இருந்தால் போதாது. சித்தூர் தாலுகாவில் இரண்டாம் போகம் கதிர் தள்ளும் பிப்ரவரியில் வாய்க்கால் காய்ந்து கிடந்தால், மழைக்காலத்தில் ஓடிய தண்ணீரைக் கணக்கில் காட்டி என்ன பயன்? எருத்தேம்பதி, வடகரைப்பதி பக்கம் மழை மறைவு நிலம். போர் போட்டாலும் புழுதிதான் வருகிறது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்காரருக்கும் நியாயம் இருக்கிறது. கேரளம் தன் இடமலையாறு திட்ட வேலையை முடித்த பிறகே தமிழ்நாடு ஆனைமலையாற்றுத் தண்ணீரைத் திருப்பலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அந்த வேலை முடிந்ததா இல்லையா என்பதிலேயே இரண்டு அரசுக்கும் தகராறு. ஒரு ஜீப் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய விஷயம் இது!

சரி, ஆப்பிரிக்காவுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் ஏற்பாட்டுக்கு ஆப்பிரிக்க சக மதிப்பாய்வு முறை (APRM) என்று பெயர், 2003-இல் தொடங்கியது. சேருவது அந்தந்த நாட்டின் விருப்பம். சேர்ந்த நாடு முதலில் தன் குறையைத் தானே எழுத வேண்டும். பிறகு வெளியிலிருந்து ஒரு குழு வந்து கட்சிக்காரர், வியாபாரி, விவசாயி என்று எல்லோரையும் கேட்கும். கடைசியில் நாட்டின் தலைவர் மற்ற நாட்டுத் தலைவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் படிதான்.

ஆனால் பலன்? கென்யாவைப் பாருங்கள். மொசாம்பிக்கைச் சேர்ந்த கிராசா மாஷேல் தலைமையில் நடந்த ஆய்வு, இனப்பிளவையும் நிலத் தகராறையும் 2006-லேயே சுட்டிக்காட்டியது. யாரும் அசையவில்லை. 2007 டிசம்பர் தேர்தல் முடிந்ததும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டார் மீதான வெறுப்பு வளர்கிறது என்று அறிக்கை எச்சரித்தது. அதிபர் எம்பெக்கியின் அரசு அதை மறுத்தது. 2008 மே மாதம் அந்த வெறுப்பில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

இதை வைத்து, ஆய்வே வீண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கென்யா எரிந்தபோது ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானோடு சமரசம் பேச நைரோபி போன குழுவில் அதே மாஷேல் இருந்தார். எங்கே புண் என்று அவருக்கு முன்பே தெரியும். அங்கே பேசிய நிலப் பிரச்சினை 2010 அரசியல் சட்டத்தில் நில ஆணையமாக வந்தது. நான்கு ஆண்டு முன்னால் அந்த அறிக்கையைக் கையில் எடுத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! ஆய்வு அமைதியைக் கொண்டுவந்து தராது. எங்கே தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும். கேட்பதும் கேட்காததும் அரசின் கையில்.

நம் ஊரில் அந்தச் சொல்லும் வேலையே நடப்பதில்லை என்பதுதான் என் கோபம். இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் கூடுகிறது, பொறியாளர்கள் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறார்கள், கோப்பு மூடிக்கொள்கிறது. தண்ணீர் குறைந்ததும் எல்லையோரக் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் லாரி மறியல். மறிக்கிறவர் தமிழ் பேசுகிறார். மறிக்கப்படுகிற டிரைவரும் தமிழ் பேசுகிறார். பாதிப் பேருக்கு அந்தப் பக்கம்தான் மாமனார் வீடு. 'உங்க ஆளுங்க தண்ணியத் திருடுறாங்க' என்று ஒருவரும், 'கொடுத்ததைக் கடல்ல விட்டுட்டு அழறீங்க' என்று இன்னொருவரும் கத்துகிறார்கள். இருவர் கையிலும் கணக்கு இல்லை.

ஆகவே, அய்யா, 2048 வரை காத்திருக்க வேண்டாம். மணக்கடவில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்பதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதி, தடுப்பணையிலும் உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்கச் சொல்லுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நாலு விவசாயி, சித்தூர்ப் பக்கத்திலிருந்து நாலு விவசாயி வாரியக் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த கிராமசபையில் தீர்மானம் போட்டு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், முழுதாக அச்சிடுகிறேன்.