பற்கூழ் அழற்சியை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாமா?

ஐஸ் தண்ணீர் பட்டால் கடைவாய்ப்பல் ஒரு நிமிஷம் விடாமல் வலிக்கிறது, டாக்டர் ரூட் கெனால் என்கிறார், ரத்தம் கொடுத்து உறுதிசெய்ய முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். பற்கூழ் என்பது பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு; அதன் அழற்சி கையில் எடுக்கும் ரத்தத்தில் தெரியாதுங்க. அழற்சி பல்லுக்குள் ஒரு துளி இடத்தில்தான் இருக்கிறது. பல்லைத் திறக்கும்போது கூழிலிருந்து கசியும் ரத்தத்தில்தான் எம்எம்பி-9, இன்டர்லூக்கின்-8 (வெள்ளணுக்களை வரவழைக்கும் புரதம்) போன்றவற்றை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். எம்எம்பி-9 என்பது வெள்ளணுக்கள் வெளியிடும், திசுவை அரிக்கும் நொதி. அழற்சி முற்றினால் கூடும். ஆனால் எந்த அளவைத் தாண்டினால் கூழ் பிழைக்காது என்ற எல்லைக்கோடு இன்னும் முடிவாகவில்லை. அதனால் சாதாரண கிளினிக்கில் இந்தச் சோதனை கிடையாது.

ராத்திரி தூக்கத்தில் தானாக வலித்து எழுப்புகிறதா? அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். பல்போட்டமி, அதாவது மேல்கூழை மட்டும் எடுத்து வேர்க்கூழைக் காப்பாற்றும் சிகிச்சை, உங்கள் பல்லுக்குச் சரிப்படுமா என்றும் கேளுங்கள். தள்ளிப்போடாதீங்க.