பள்ளத்தில் ஏழு வாரம்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். மொத்தம் 60 அத்தியாயம் என்று கணக்கு; 30 வெளியாகிவிட்டது. நாயகன் கட்டடப் பொறியாளன். 24-ஆம் அத்தியாயத்தில் அவனுக்கு வேலை போகிறது. 25-ல் கூட்டாளி ஏமாற்றுகிறான். 26-ல் வீடு கைவிட்டுப் போகிறது. 27-ல் அப்பா இறக்கிறார். 28-ல் மனைவி பிரிந்து செல்கிறாள். 29, 30 இரண்டிலும் அவன் அறைக்குள்ளேயே கிடக்கிறான். 26-க்குப் பிறகு வாசிப்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். "ரொம்ப சோகம்" என்று எழுதுகிறார்கள்.

நாயகன் மிகவும் வீழும் இடம் கதையின் முக்கால் பங்கில் வரவேண்டும் என்று திரைக்கதை நூல்கள் சொல்கின்றன. நான் பாதியிலேயே வைத்தது தவறா? ஒரு தொடர்கதையில் சோகம் எத்தனை அத்தியாயம் நீடிக்கலாம்? கதையை 12 அத்தியாயம் கொண்ட ஐந்து சுற்றுகளாகச் சமமாகப் பிரித்திருக்கிறேன், சரியா? ஒவ்வொரு வாரமும் திடுக்கிடும் இடத்தில்தான் 'தொடரும்' போடவேண்டுமா? அத்தியாயத் தலைப்புகள் அவசியமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் 30 அத்தியாயங்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டே நாளில் படித்தேன். அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சேர்த்துப் படித்த எனக்கு உங்கள் நாயகனின் வீழ்ச்சி முக்கால் மணி நேர வாசிப்பு. வாரா வாரம் படித்தவருக்கு அது ஏழு வாரம். அவர் அதற்குள் ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்திருப்பார், பிள்ளைக்குத் தேர்வு முடிந்திருக்கும். உங்கள் ஆள் இன்னும் அதே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். தொடர்கதையில் துன்பத்தின் நீளத்தை நாட்களால் அளக்கவேண்டும். பக்கங்களால் அளப்பது புத்தகம் எழுதுகிறவர்களின் வசதி.

முக்கால் பங்கு விதியைப் பற்றி ஒரு வரி போதும். இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்காகப் போட்ட கணக்கு அது. அலெக்ஸாந்தர் தூமாவின் 'மான்டி கிறிஸ்டோ' 1844 முதல் 1846 வரை நாளிதழில் வந்த தொடர். மொத்தம் 117 அத்தியாயம். நாயகன் 14 ஆண்டு சிறையில் கிடந்து தப்புவது 20-ஆம் அத்தியாயத்தோடு முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான், அதற்குள் அடிமட்டம் வந்து போய்விட்டது. இடம் எங்கே என்பதில் உங்கள் பிழை இல்லை.

சமமான சுற்றுகள் என்பதும் பள்ளிக்கூட வழக்கம். 1950-ல் தொடங்கி 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் முதல் பாகம் 57 அத்தியாயம், மூன்றாவதும் நான்காவதும் 46, ஐந்தாவது 91. ஒரு கேள்வி எழுந்து அதற்கு விடை கிடைக்கும் வரைதான் ஒரு சுற்று. சின்னக் கேள்விக்கு எட்டு அத்தியாயம் போதும். வாரத் தொடரில் 14-ஐத் தாண்டினால் கேள்வியே வாசகருக்கு மறந்துவிடும். ஐந்து சுற்றிலும் பள்ளம், அதாவது நாயகன் வீழும் இடம், வரலாம், ஆனால் ஆழம் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டாவது சுற்றில் மரணத்தை வைத்துவிட்டு நான்காவது சுற்றில் வேலை போவதை வைத்தால் வாசகர் அசையமாட்டார்.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

உங்களுக்குச் சோகம் அதிகமாகிவிடவில்லை. 24 முதல் 30 வரை சோகமே இல்லை. சேதம் இருக்கிறது. வேலை, பணம், வீடு, அப்பா, மனைவி என்று வரிசையாக ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கு வாசகர் பதறுவார். மூன்றாவதில் ஆசிரியரின் கை தெரிந்துவிடும். நான்காவதில், அப்பா சாகும்போது, அடுத்து யார் என்று எண்ணத் தொடங்கியிருப்பார். சரியாக அந்த இடத்தில்தான் உங்கள் வாசகர்கள் பாதியானார்கள். "ரொம்ப சோகம்" என்று அவர்கள் எழுதுவதில் வலி எந்த அத்தியாயத்தில் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தை அவர்களிடம் கேட்காதீர்கள், அது உங்கள் வேலை.

சேதத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிலப்பதிகாரத்தை வைத்துச் சொல்கிறேன். அது தொடர்கதை இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் 30 காதைகளாகப் பிரிந்து நிற்கிறது. எந்தக் காதையில் எது நடக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கோவலன் வெட்டுப்படுவது 16-ல். கண்ணகிக்குச் செய்தி வருவது 18-ல். அரசவையில் வழக்கு 20-ல். 16-க்கும் 18-க்கும் நடுவே என்ன இருக்கிறது? ஆய்ச்சியர் குரவை. பாட்டும் கூத்தும்! குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் மணி அறுந்து விழுகிறது. ஏதோ வரப்போகிறது என்று பயந்து, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி குரவை ஆடச் சொல்கிறாள். கண்ணகியும் அங்கே இருக்கிறாள். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒரு காதை முழுக்க அந்தத் தெரியாமையை நம்மைச் சுமக்க வைக்கிறார் இளங்கோ.

அந்த 17-ஐ உருவிவிட்டுப் படித்துப் பாருங்கள். கொலை, உடனே செய்தி, உடனே அழுகை. உங்கள் 27-ஆம் அத்தியாயம் அப்படித்தான் இருக்கிறது: முதல் பத்தியில் தொலைபேசி மணி, இரண்டாவது பத்தியில் கதறல்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கதையில் இறந்தவனுக்குப் பள்ளம் இல்லை. வெட்டுப்பட்டவனுக்கு உணர நேரமே கிடைக்கவில்லை. பள்ளம் இரண்டு பேருக்கு. ஒன்று கண்ணகிக்கு, 18-ல். மற்றது பாண்டியனுக்கு. ஊடிச் சென்ற தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று சொல்லிவிடுகிறான். அது 16-ல். சிலம்பு உடைந்து, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்து, 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவன் உணர்வது 20-ல். செய்கைக்கும் உணர்வுக்கும் நடுவே நான்கு காதை தூரம். அவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. தான் செய்தது தனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். விழுந்தவன் எழவில்லை.

என் கட்சி இதுதான். பள்ளத்துக்கு மூன்று பாகம்: பாத்திரம் தானே செய்த ஒரு செயல், அதன் விளைவு, அது தெரிய வருவது. மூன்றும் ஒரே அத்தியாயத்தில் வந்தால் விபத்து. முதல் பாகம் இல்லாமல் இரண்டாவது மட்டும் வந்தால் சேதம். மூன்றாவது வரும்வரை வாசகர் காத்திருப்பார், ஏழு வாரமானாலும்.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' உங்கள் கணக்குக்கு ரொம்ப நெருக்கம். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை 36 வாரம் வந்த தொடர், 59 அத்தியாயம், 19, 20, 20 என்று மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தின் கடைசி, அதாவது 39-ஆம் அத்தியாயம், அதன் பெரிய பள்ளம். அன்று இரவு யாரும் சாகவில்லை, காசு போகவில்லை. மழையில் ஒரு ஆள் படியேறி வருகிறான். நாயகன் பிப் இத்தனை நாள் கனவானாக வாழ்ந்தது, சிறுவயதில் தான் சோறு போட்ட ஒரு கைதியின் பணத்தில் என்று தெரிகிறது. இதற்காகவா தன்னை வளர்த்த கொல்லன் ஜோவை விட்டு வந்தோம் என்பதுதான் அவனை அறுக்கிறது. ஜோவைப் பார்த்து அவன் கூசியதெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் சின்னச் சின்னதாக, நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விதத்தில் வந்து போயிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். பெரிய பள்ளத்துக்கு ஐந்து அல்லது ஆறு அத்தியாயம் வைத்துக்கொள்ளுங்கள். விளைவுக்கு ஒன்று. நமக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாத இடைவெளிக்கு ஒன்று அல்லது இரண்டு. தெரிய வருவதற்கு ஒன்று. அதற்குப் பிறகு ஒரே ஒரு அமைதியான அத்தியாயம்; நீங்கள் இரண்டு வைத்திருக்கிறீர்கள், ஒன்றை எடுத்துவிட்டிருக்கலாம். கடைசியில் அவன் எடுக்கும் ஒரு சின்ன முடிவு. மூல செயல் இந்தக் கணக்கில் சேராது, அது பத்துப் பன்னிரண்டு அத்தியாயம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். இந்த ஆறில் இரண்டுதான் உள்ளிருந்து இருட்டானவை. மற்றதில் வேறு ஒரு இழை மேலே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். மான்டி கிறிஸ்டோ சிறையிலேயே பாதிரியாரிடம் மொழிகளும் கணக்கும் கற்கிறான். தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதும் அங்கேதான் அவனுக்கு விளங்குகிறது. உங்கள் கதையில் அந்தத் தங்கை இருக்கிறாள், 19-ல் ஒரு கடிதம் போட்டதோடு காணாமல் போய்விட்டாள். எங்கே அவள்?

ஒரு சோதனை. அந்த ஏழு அத்தியாயங்களையும் அச்செடுத்து, நாயகன் எழுவாயாக வரும் வினைகளை அடிக்கோடிடுங்கள். அவன் செய்வதற்கு ஒரு நிறம், அவனுக்கு நேர்வதற்கு வேறு நிறம். தொடர்ந்து மூன்று அத்தியாயத்தில் முதல் நிறம் வரவில்லை என்றால் கதை நின்றுவிட்டது என்று பொருள். 28-ஐ நான் பார்த்தேன். அவன் தானாகச் செய்யும் ஒரே காரியம் விளக்கை அணைப்பது.

'தொடரும்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதவு தட்டப்படுவது, கத்தி பளிச்சிடுவது எல்லாம் மேட்டில் போகும்போது சரி. பள்ளத்தில் அபாயத்தோடு முடிக்காதீர்கள், ஏற்கெனவே எல்லாம் போனவனுக்கு இனி என்ன அபாயம்? ஒரு முடிவோடு முடியுங்கள், எவ்வளவு சிறியதாக இருந்தாலும். இன்னொரு கண்டிப்பு: பள்ளத்தின் நடுவில் விடுப்பு எடுக்காதீர்கள். 27-க்கும் 28-க்கும் நடுவே இரண்டு வாரம் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். செத்த வீட்டில் வாசகரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். ஓய்வு வேண்டுமென்றால் அவன் எழுந்த மறுவாரம் எடுங்கள். முதல் இருண்ட அத்தியாயம் வெளியாகும் முன்பே ஆறும் எழுதிக் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் "பாவம், அவனைக் காப்பாற்றுங்கள்" என்று பத்துப் பேர் எழுதியதும் 31-ல் ஒரு பணக்கார மாமா வந்துவிடுவார். அப்படி ஒருவர் வந்தால் உங்கள் 30 வாரமும் வீண். எழும்போது போனதெல்லாம் திரும்பக் கிடைத்தாலும் அதே கதிதான்.

வெளியானதை மாற்ற முடியாதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாற்ற வேண்டாம். 11-ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். பாதி பத்தியில், போகிற போக்கில், ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்த்த கனசதுரங்களின் 28-ஆம் நாள் சோதனை முடிவு வரும் முன்பே, 7-ஆம் நாள் முடிவை மட்டும் பார்த்து, அவன் ஒரு தளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான். கூட்டாளி அவசரப்படுத்துகிறான், அன்று நாயகனின் மகளுக்குப் பிறந்தநாள், சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும். எழுதிவிட்டு நீங்களே மறந்துவிட்டீர்கள். நான் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ர., உங்களுக்குக் கதை தெரிகிறது. உங்கள் கை செய்ததை நீங்கள்தான் கவனிக்கவில்லை. 24-ல் வேலை ஏன் போனது என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை, 'ஆட்குறைப்பு' என்ற ஒரே சொல்லோடு சரி. நல்லவேளை சொல்லவில்லை. 28-ஆம் நாள் முடிவு வந்து, அது தேறாமல், யாரோ அதை ஒரு கோப்பில் வைத்து மூடியிருக்கலாம். 31-ல் அந்தக் கோப்பைத் தங்கையிடம் கொடுங்கள். வாசகருக்குத் தெரியட்டும், அவனுக்குத் தெரிய வேண்டாம். 32-ல் அவன் படுக்கையை விட்டு எழுந்து, சவரம் செய்து, தன்னை அநியாயமாக வெளியே அனுப்பினார்கள் என்று மனு எழுத உட்காரட்டும். நல்ல மனுவாக எழுதட்டும், நாமே கொஞ்சம் சிரிக்கும்படி. 33-ல் அவள் கோப்போடு வரட்டும்.

அவன் அதைப் படிக்கும் இடத்தில் அழவிடாதீர்கள். தேதியைப் பார்க்கட்டும். அன்று என்ன கிழமை, கேக்கை யார் வெட்டியது என்று யோசிக்கட்டும். அங்கே 'தொடரும்' போடுங்கள்.

அன்புடன்.

பி.கு: தலைப்புகள் உங்கள் விருப்பம். ஆனால் 27-க்கு 'அப்பாவின் மரணம்' என்று வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.