ஆலோசனைப் பெட்டியைக் கழற்றுங்கள், ஆணை போடுங்கள்

அரசு அலுவலகத்தில் பணியாளர்களைப் புதிதாக யோசிக்கவைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

யோசனைக்கு அங்கே பஞ்சமில்லை. 17(பி) பயம்தான், அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளின்படி பெரிய தண்டனைக்கு வழிவிடும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. மாற்றிச் செய்து பிசகினால் குறிப்பாணை இளநிலை உதவியாளர் பெயருக்கு வரும்; பலித்தால் பாராட்டு மேலே போய்விடும். பொறுப்பை நீங்கள் எழுத்தில் ஏற்காதவரை ஒருவரும் அசையமாட்டார்.

ஒரு பக்க அலுவலக ஆணை போதும்: எந்தப் பிரிவு, எந்த வேலை, எந்தத் தேதிவரை (60 நாள் தாராளம்), எதை எண்ணப்போகிறோம், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு. கீழே உங்கள் கையெழுத்து. வாய்மொழி உத்தரவு தணிக்கைக்கு முன் நிற்காது.

பணமோ விதித் திருத்தமோ பிற துறை ஒப்புதலோ தேவைப்படாத வேலையில் தொடங்குங்கள். உதாரணமாக, கருவூலம் திருப்பியனுப்பும் பட்டியல்கள் (பணம் கேட்டு அனுப்பும் பில்கள்). மூன்று மாதத்தில் திரும்பியவற்றைக் காரணவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கணக்குத் தலைப்புத் (செலவு எந்தக் கணக்கில் என்பதன் குறியீடு) தவறு, ஒப்பளிப்பு ஆணை (செலவுக்கு அனுமதி தரும் ஆணை) இணைக்காதது, ஒதுக்கீடு போதாமை என்று சில காரணங்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் ஐந்து வரிச் சீட்டாக்கி, பணம் பெற்று வழங்கும் அலுவலர் கையெழுத்துக்கு முன் நிரப்பவையுங்கள். 'டிக்' கட்டம் வைக்காதீர்கள், பார்க்காமலே போட்டுவிடுவார்கள். ஆணை எண்ணையும் தேதியையும் எழுதவேண்டும் என்றால் கோப்பைத் திறந்துதான் ஆகவேண்டும். ஆறாவது வரி சேர்க்க விரும்பும் கண்காணிப்பாளர் பழையதில் ஒன்றை அடிக்கட்டும். புதுப் பதிவேடும் வேண்டாம், ஒவ்வொருவரும் தம்மிடம் வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டின் குறிப்புரைப் பத்தியே போதும். இரட்டை வேலை என்றானதும் முயற்சி செத்துப்போகும்.

ஆலோசனைப் பெட்டி வைத்தால் மொட்டைக் கடுதாசிதான் விழும். மாதந்தோறும் தன்பதிவேடு பார்க்கும்போதே, "எந்த வேலையை மறுபடி செய்யவேண்டி வந்தது?" என்று கேளுங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், மறுப்பானாலும் காரணத்தோடு.

விதியை மீறச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருபவர்கள் மேலே இன்னொருமுறை படிக்கவும். நிதி விதி, கொள்முதல் விதி எதையும் தொடவில்லை. பெரிய செலவு என்றால் மாநிலத் திட்டக் குழுவின் தமிழ்நாடு புத்தாக்க முயற்சிகள் திட்டம் இருக்கிறது. அது துறைத் தலைமை வழியாகப் போகவேண்டியது.



பலித்ததை 60 நாள் முடிந்ததும் நிலையாணையாக்குங்கள், யோசனை சொன்னவர் பெயரோடு. உங்களுக்கு மாறுதல் வந்தால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிடுங்கள்.